உள்ளிருந்து திறக்கும் கதவு

நகரசபை ஆய்வாளர் முதன்முறை வந்தபோது, பெண்கள் விடுதி நடத்தும் பெரியக்கா மாடிப்படிக்கட்டின் அடியில் நின்று ஜன்னலோர அஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தாள். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் ஈரத் துணி காயப்போடக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு எத்தனை தடவை சொல்வது. அந்த விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது. அறை எண்தான் பெயர். ஓர் அறையில் இரண்டு பேர் என்பதால் கட்டில் கிடக்கும் இடத்தை வைத்து ஜன்னலோர அஞ்சு, கதவோர அஞ்சு என்று பிரித்துக்கொள்வாள். புதிதாக வரும் பெண்கள் முதல் வாரம் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே தொலைபேசியில், "பெரியக்கா, நான் கதவோர எட்டு பேசறேன், வர லேட்டாகும்" என்பார்கள். மொத்தம் பதினோரு அறை, இருபத்தொரு பெண்கள். இரண்டாம் மாடிக் கோடியில் இருந்த பதினோராவது அறை ஒற்றைக் கட்டில் மட்டுமே கொள்ளும் சின்ன அறை.

ஆய்வாளர் முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது போன்ற கறுப்புக் காலணி, தோளில் ஒரு துணிப் பை. வந்தவள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துப் படிக்கட்டின் அகலத்தை அளந்தாள். பிறகு மேலே போய் வராந்தாவின் நீளத்தை அளந்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சமையலறையில் எரிவாயு உருளைகள் நிற்கும் மூலையிலிருந்து படிக்கட்டின் முதல் படிவரை எத்தனை அடி என்று அளந்தாள். பெரியக்கா பின்னாலேயே போனாள். தன் வீட்டை ஒருத்தி இஞ்ச் இஞ்சாக அளப்பதைப் பார்க்க, தன் உடம்புக்கே யாரோ அளவெடுப்பது போலக் கூச்சமாக இருந்தது.

"என்னம்மா, கல்யாணத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா இந்த வீட்டுக்கு?" என்றாள்.

ஆய்வாளர் சிரித்தாள். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

விடுதிகளுக்கென்று நகரசபை அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆட்கள் தங்கும் எந்த வீட்டிலும் வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும். மாடிக்கு ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். புகை வந்தால் அடிக்கும் மணி வேண்டும். தெருவாசல் கதவைச் சாவி இல்லாமலே உள்ளே இருப்பவர்கள் திறக்க முடிய வேண்டும். தொண்ணூறு நாள் அவகாசம், தவறினால் சீல். இவ்வளவையும் ஒரு தாளில் அச்சடித்து அவள் கையில் கொடுத்தாள் ஆய்வாளர். பெரியக்கா கடைசி விதியை இரண்டு முறை படித்தாள்.

"பதினெட்டு வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்குக் காவலே அந்தப் பூட்டுதாம்மா."

"பூட்டு வேணாம்னு நான் சொல்லலையே. உள்ள இருக்கறவங்களுக்குச் சாவி தேவைப்படக் கூடாதுங்கறேன்."

"உள்ள இருக்கறவ திறந்தா வெளிய நிக்கிறவன் வருவான்."

ஆய்வாளர் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள். தேநீர் போடட்டுமா என்றதற்கு, "வேணாம்மா. உங்க டீயைக் குடிச்சிட்டா குறையை எழுத முடியாது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியக்காவுக்கு அவளைப் பிடித்தும் போனது, எரிச்சலாகவும் இருந்தது.

பூட்டின் கதை ஆய்வாளருக்குத் தெரியாது. விடுதி தொடங்கிய இரண்டாவது வருஷம், ஒரு மத்தியானம், தண்ணீர் சுத்திகரிப்பான் பழுது பார்க்க வந்தேன் என்று ஒருவன் முதல் மாடிவரை ஏறிவிட்டான். ஒரு பெண் கத்திய கத்தலில் ஓடிப்போனான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்து மகளைக் கூட்டிப்போனார். திட்டினால்கூடப் பெரியக்கா தாங்கியிருப்பாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, திரும்பி வீட்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே தெருவாசலில் இரும்பு மடக்குக் கதவு ஏறியது. எல்லா ஜன்னலுக்கும் கம்பி வந்தது. இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரையும், மத்தியானம் அவள் தலை சாய்க்கும் இரண்டு முதல் நாலு வரையும் கதவு பூட்டியிருக்கும். சாவி அவள் இடுப்பில் இருக்கும். அதற்குப் பிறகு பெண்ணைக் கொண்டுவந்து விடும் எந்த அப்பாவும் அம்மாவும் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் கதவைத்தான். தொட்டதும் முகத்தில் ஓர் ஆறுதல் படரும். அந்த ஆறுதலைப் பார்ப்பதற்காகவே அவள் வாசலில் நிற்பாள்.

மறுவாரம் விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர் வந்தார். ஐந்து ஆண்கள் விடுதிக்குச் சொந்தக்காரர். பெரியக்காவை அவர் இதற்கு முன்பு ஒரு கூட்டத்துக்கும் அழைத்ததில்லை.

"நாங்க மனு குடுத்ததால இந்தச் சட்டத்தைப் பத்தி நகரசபை கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்குது, அக்கா. நாங்க பேசினா செலவுக்குப் பயந்து பேசறாங்கம்பாங்க. நீங்க எந்திரிச்சு, பொம்பளைப் பிள்ளைங்க விடுதிக்குப் பூட்டு இல்லாம எப்படின்னு ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. சட்டம் அங்கேயே படுத்துடும்."

"நான் மேடையில எல்லாம் பேசினதில்லைங்க."

"உண்மையைத்தானே பேசப் போறீங்க."

அது உண்மைதான். அதனால் ஒப்புக்கொண்டாள். நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காய் நறுக்கும்போது அதை மனப்பாடம் செய்தாள். எங்கள் பெண்களின் மானத்துக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு என்று தொடங்கும் அது. கேட்டுக்கொண்டிருந்த கதவோர அஞ்சு, "பெரியக்கா, தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாய் சும்மா இருக்காது.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆய்வாளர் மறுபடி வந்தாள். சனிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. பெரியக்கா கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டு, பழக்கப்படி மறுபடியும் பூட்டினாள். எதுவுமே செய்யவில்லையே என்று ஆய்வாளர் கேட்டபோது அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இங்க பாருங்கம்மா. தீயே பிடிச்சாலும் நான் இருக்கேன். கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த வீட்ல எங்கேருந்தும் ஓடி வந்து கதவைத் திறந்துடுவேன்."

ஆய்வாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"கட்டிப் பாக்கலாமா?"

முதலில் விளையாட்டு மாதிரிதான் இருந்தது. வீட்டிலிருந்த பெண்கள் தலையை நீட்டிச் சிரித்தார்கள். அவரவர் அறையிலேயே இருங்கள், பெரியக்கா கூப்பிட்ட பிறகுதான் இறங்க வேண்டும் என்று இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கிச் சொன்னாள் ஆய்வாளர். பெரியக்கா இரண்டாம் மாடியில், ஒழுகும் குழாயைப் பார்க்கப் பத்தாம் அறைக்கு வந்திருப்பதாக ஏற்பாடு. கீழே சமையலறையில் தீ. புகை படிக்கட்டில் ஏறுகிறது, எதிரே எதுவும் தெரியவில்லை. கதவோர அஞ்சு ஒரு துண்டால் கண்ணைக் கட்டி, "இறுக்கமா இருக்கா?" என்று வேறு கேட்டாள். ஆய்வாளர் விழுந்துவிடாமல் பிடிக்கப் பக்கத்தில் நின்று, "ஆரம்பிங்க" என்றாள்.

பெரியக்காவின் குரல் தெருமுனை தாண்டும். "எல்லாரும் கீழ வாங்க, எல்லாரும் கீழ வாங்க" என்று கத்திக்கொண்டே சுவரைத் தடவி நடந்தாள். படிக்கட்டு வந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் படிக்கட்டு இல்லை. இன்னும் நாலு எட்டு தள்ளி இருந்தது. தினம் இருபது முறை ஏறி இறங்கும் படிகள்தான். ஆனால் திருப்பத்தில் எத்தனை படி என்று காலுக்குத் தெரிந்திருந்தது, மனசுக்குத் தெரியவில்லை. மனசு குறுக்கே வந்ததும் காலும் மறந்துபோனது. பின்னால் பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி மோதிக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆள் அகலப் படிக்கட்டில் அவளைத் தாண்டி யாரும் போக முடியவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. திடீரென்று தன் குரல் மட்டும் கேட்டது.

கதவை அடைந்து இடுப்பிலிருந்து கொத்தை உருவினாள். பதினாலு சாவி. பார்த்தால் எது எதென்று தெரியும். தொட்டால் எல்லாம் ஒன்று போல இருந்தன. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து, திரும்பவில்லை. மூன்றாவதைத் தேடும்போது வியர்வையில் கொத்து வழுக்கி, கதவின் கம்பி இடுக்கு வழியாக வெளியே விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் மண்டியிட்டு, கையைக் கம்பிக்கு வெளியே தோள்வரை நுழைத்துத் தரையைத் துழாவினாள். பின்னால் யாரோ ஒரு பெண் மெதுவாக, "பெரியக்கா, இன்னும் வலது பக்கம்" என்றாள். நெருப்பு எரியும்போது அப்படிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்ததும் கண் கட்டை அவிழ்த்தாள். வெயில் முகத்தில் அடித்தது.

"நாலு நிமிஷம் பத்து விநாடி" என்றாள் ஆய்வாளர். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "புகை மாடிக்கு வர ரெண்டு நிமிஷம் போதும்மா."

பெரியக்கா கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். முழங்கை சிராய்த்திருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

அதற்குப் பெரியக்காவிடம் பதில் உண்டு. வெளியே போகும் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பதிவேடு. அதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. மேசையில் விரித்துப் பார்த்தாள். வீட்டில் பதின்மூன்று பேர். தெருவில் நின்றவர்களை எண்ணினாள். பன்னிரண்டு. விரலை நீட்டி மறுபடி எண்ணினாள்.

"பதினொண்ணு எங்க?"

எல்லோரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் கதவோர அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியக்கா அந்த வயதில் அப்படிப் படியேறியது கிடையாது. பதினோராம் அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவள். காலை ஏழு மணிக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம் மூன்றரைவரை எழுந்திருக்க மாட்டாள். பிறவியிலேயே காது கேளாது. காதுக் கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும், உதட்டைப் பார்த்து மீதியைப் புரிந்துகொள்வாள். தூங்கும்போது கருவியைக் கழற்றித் தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிடுவாள். இதெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளர் ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்னபோது இந்தக் கதவுக்குள்ளிருந்து பதில் வரவில்லை, ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. யாருக்கும் தோன்றவே இல்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் நெற்றி முடி ஆடியது. ஒரு வீடே கத்தி ஓடி இறங்கித் தெருவில் நின்றது அவளை எட்டவில்லை. பெரியக்கா அவளை எழுப்பப் போனவள், எழுப்பாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஏறி வந்த ஆய்வாளர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"நானும்தாம்மா தப்பு பண்ணேன்" என்றாள் தணிந்த குரலில். "தட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன். திறந்து பாத்திருக்கணும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. பெரியக்காவுக்கு எந்தச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் யாருக்காவது கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஜன்னலோர நாலு இஸ்திரிப் பெட்டியைப் படுக்கையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. மெத்தையில் கறுப்பாக ஒரு முக்கோணம், அவ்வளவோடு போனது. எரிவாயுக் குழாய் எலி கடித்துக் கசிந்தது. நல்லவேளையாக அவளுக்கு மூக்கு விழித்துக்கொண்டது. மழை நாளில் மீட்டர் பெட்டியில் பொறி பறந்து, தானாக அணைந்தது. ஒவ்வொரு தடவையும், நான் இருக்கும்போது என்ன ஆகும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள். அதில் எதிலும் தான் எதுவும் செய்யவில்லை என்று இப்போது தெரிந்தது. பத்தொன்பது வருஷம், எத்தனை பெண்கள். எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்குத் தெரியாமலே அவளுக்கு யாரோ அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை.

மூன்றரைக்கு அந்தப் பெண் கண் விழித்து, தன் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு டப்பாவைத் தேடினாள். பெரியக்கா, "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று உதட்டசைவில் சொன்னாள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் புதன்கிழமை காலை நகரசபை மண்டபத்தில். ஒலிபெருக்கி நடுநடுவே விசிலடித்தது. சங்கத் தலைவர் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். அவள் முறை வந்தபோது எழுந்து போய் மைக்கின் முன் நின்றாள். மனப்பாடம் செய்த நாலு வரியும் நினைவில் தெளிவாக இருந்தன.

"பொம்பளைப் பிள்ளைங்க விடுதிக்குப் பூட்டு வேணும்னு சொல்லச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. வேணும்தான். நான் இல்லைன்னு சொல்லல" என்று ஆரம்பித்தாள். "ஆனா போன சனிக்கிழமை என் கண்ணைக் கட்டி விட்டாங்க. கதவைத் திறக்க எனக்கு நாலு நிமிஷம் பத்து விநாடி ஆச்சு. பட்டப்பகல்ல. நெருப்பு இல்ல, புகை இல்ல, மூச்சு முட்டல. என் வீடு, என் பூட்டு, என் சாவி. அப்படியும் நாலு நிமிஷம்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒரு பிள்ளை மேலேயே தூங்கிட்டிருந்துச்சு. அதுக்குக் காது கேக்காது. இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலைன்னா அது என் சாமர்த்தியம்னு நெனச்சிட்டிருந்தேன். அது அதிர்ஷ்டம்ங்க. ஒவ்வொரு நாளும் அதுபாட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு, எனக்குத் தெரியல. இனிமேலும் அதை நம்பிட்டு இருக்க எனக்குத் தைரியம் இல்ல."

பிறகு தலைமை மேசையில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "சட்டத்துல ஒண்ணு மட்டும் சேர்த்துக் குடுங்க. உள்ளேருந்து தள்ளினா கதவு திறக்கட்டும். திறந்தா வீடே அலறுற மாதிரி ஒரு மணி அடிக்கட்டும். யார் திறந்தாலும் எனக்குத் தெரியணும். பெத்தவங்க என்கிட்டதான கேப்பாங்க."

அவ்வளவுதான் பேசினாள். திரும்பி வந்தபோது சங்கத் தலைவர் வேறு நாற்காலிக்கு மாறியிருந்தார். கடைசி வரிசையில் ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே வரும்போது, இரண்டு விடுதி வைத்திருக்கும் ஒரு பெரியவர் பின்னாலேயே வந்து, தலைவர் காதில் விழாத தூரத்தில், "படிக்கட்டு போட நல்ல வெல்டர் யாராச்சும் தெரியுமா, அக்கா?" என்று கேட்டார்.

சட்டம் நிலைத்தது. சின்ன விடுதிகளுக்கு அவகாசம் ஆறு மாதமாக நீண்டது. மணி அடிக்கும் தாழ்ப்பாள் சட்டத்துக்குள் ஒரு வரியாக ஏறியது. அந்த வரியை ஆய்வாளர் தாளில் விரல் வைத்துக் காட்டினாள். பெரியக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "என் பேர் போடலையா?" என்றாள். "சட்டத்துல யார் பேரும் இருக்காதும்மா, நம்பர்தான்" என்றாள் ஆய்வாளர். அது பெரியக்காவுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

வீட்டின் பின்சுவரை ஒட்டி இரும்புப் படிக்கட்டு எழும்பியது. இரண்டாம் மாடியில் வராந்தாக் கோடி ஜன்னலை உடைத்துக் கதவாக்க முடிந்தது. முதல் மாடியில் ஆறாம் அறை குறுக்கே நின்றது. அதை வழியாக்கிவிட்டு, அங்கிருந்த இருவரையும் தன் முன்னறைக்கு மாற்றினாள். அவள் கட்டில் சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனது. இடம் மாறினாலும் அவர்கள் பெயர் ஆறுதான். எரிவாயு உருளைகள் வெளியே கம்பிக் கூண்டுக்குப் போயின. புதுத் தாழ்ப்பாளை முதல் வாரம் பெண்கள் வேண்டுமென்றே தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. மாதம் ஒருமுறை ஒத்திகை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியக்கா எதிர் நடைபாதையில் நின்று தலைகளை எண்ணுவாள். மூன்றாவது ஒத்திகையில் எல்லோரும் ஒரு நிமிஷம் பத்து விநாடியில் இறங்கினார்கள். பதினொண்ணுதான் முதலில் வந்தவள்.

அவளுக்காக ஆய்வாளரே எங்கெங்கோ விசாரித்து ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியிருந்தாள். உள்ளங்கை அளவு வட்டம். தலையணைக்கு அடியில் வைத்தால், புகை மணி அடிக்கும்போது அது கிடந்து குலுங்கும். கூடவே சுவரில் ஒரு விளக்கு வெட்டி வெட்டி எரியும். சான்றிதழ் கொடுக்க வந்த அன்றும் ஆய்வாளர் தண்ணீர்தான் குடித்தாள்.

"இப்பவுமா? இனிமே எழுத ஒண்ணும் இல்லையே."

"அடுத்த வருஷமும் நான்தான்மா வருவேன்."

"வாம்மா, நல்லா அளந்துட்டுப் போ" என்றாள் பெரியக்கா. நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. டம்ளரை வாங்கி, அதில் தண்ணீரை மறுபடி நிரப்பிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. பதினோராம் அறைப் பெண்ணின் அம்மா வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவாள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. அதிகம் பேசாதவள். அந்த முறை அவள் காலை ஆறரைக்கே வந்துவிட்டதால் இரவு வேலைக்குப் போன மகள் இன்னும் வரவில்லை. வாசலில் உள்பக்கமாக நின்று புதுக் கதவைத் தொட்டு, தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்து, மணி அலறியதும் பயந்து கையை எடுத்தாள். பெரியக்கா அவளை மேலே பதினோராம் அறைக்குக் கூட்டிப்போனாள். சொல்லாமலும் இருந்துவிடலாம். எல்லாம் சரியாகிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள். சொன்னால் பெண்ணைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் இந்த அம்மா முதல் நாள் அந்தப் பழைய பூட்டைத் தொட்டபோது அவள் முகத்தில் படர்ந்த ஆறுதல், திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் போல இத்தனை மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது.

எதையும் மறைக்காமல் சொன்னாள். கண்ணைக் கட்டியது, சாவி விழுந்தது, தெருவில் பன்னிரண்டு பேர் நின்றது, இந்த வாசற்படியில் உட்கார்ந்தது.

"ரெண்டு வருஷமா உங்க பொண்ணை நான்தான் பாத்துக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன். பாத்துக்கலம்மா."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"இவ கைக்குழந்தையா இருக்கறப்போ விளக்கு அணைஞ்சா ஒரே அழுகை" என்றாள் கடைசியில். "இருட்டுல என் முகம் தெரியாது, குரல் குடுத்தாலும் கேக்காது. நான் இருக்கேனா இல்லையான்னே அவளுக்குத் தெரியாதுல்ல. அதனால ஒரு நூலை எடுத்து என் மணிக்கட்டுலயும் அவ மணிக்கட்டுலயும் கட்டிக்குவேன். அவ இழுப்பா, நான் இழுப்பேன். தூங்கிடுவா. எட்டு வயசு வரைக்கும் அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்க விட்டுட்டுப் போனப்போ அந்த நூலை உங்க கையில குடுத்துட்டுப் போறதா நெனச்சுக்கிட்டேன்."

பெரியக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கோவமா சொல்லல. நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல." அம்மா தலையணையைத் தூக்கி, அடியிலிருந்த வட்டத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இதுதானா அது? வேலை செய்யுதா?"

"ஒத்திகையில எல்லாம் செய்யுது. இதை மட்டும் சோதிக்கிற பொத்தான் வெளிய வராந்தாவுல இருக்கு."

அம்மா அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மகளின் கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு கண்களை மூடினாள்.

"அழுத்துங்க" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவது போலச் சத்தமாக.

பெரியக்கா வராந்தாவுக்குப் போய், வாசலோரம் நின்றபடியே பொத்தானை அழுத்தினாள். சுவரில் வெளிச்சம் வெட்டியது. தலையணை குலுங்கத் தொடங்கியது. திடுக்கிட்டு எழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் எழவில்லை. கன்னம் அதிர, நரையோடிய முடி அதிர, பொத்திய கைகளை எடுக்காமல் அப்படியே கிடந்தாள். உதடு மட்டும் மெல்ல விரிந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மகள், தோளில் பையோடு வாசலில் வந்து நின்று, என் கட்டிலில் அம்மா என்ன செய்கிறாள் என்று கைகளால் பெரியக்காவிடம் கேட்டாள். பெரியக்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், கொஞ்சம் பொறு என்பது போல மறுகையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். வெட்டி வெட்டி எரிந்த வெளிச்சத்தில் மூன்று பேருடைய நிழலும் சுவரில் வந்து வந்து போயின.